காசுக்குப் பாடிய பியானோ

இரயில் நிலையங்களில் எடை பார்க்கும் இயந்திரங்கள் நின்ற காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். விருத்தாசலம் போன்ற சந்திப்பு நிலையங்களில் வண்டிக்குக் காத்திருப்போருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. காசைப் போட்டதும் வண்ண விளக்குகள் சுழலும். எடை அச்சிட்ட சிறு அட்டை ஒன்று கீழே விழும். அட்டையின் மறுபுறத்தில் நம் குணத்தைப் பற்றியோ வருங்காலத்தைப் பற்றியோ ஒரு வாசகம் இருக்கும். காசு போட்டவர் பணக்காரரா, ஏழையா, துக்கத்தில் இருப்பவரா என்பதெல்லாம் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. எல்லார்க்கும் ஒரே விதமாகத்தான் அது நடந்துகொண்டது.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நகரங்களின் மதுக்கடைகளிலும் உணவு விடுதிகளிலும் இதே முறையில் இசையை விற்கும் இயந்திரங்கள் நின்றன. ஐந்து சென்ட் நாணயத்தை அதன் வாயில் போட்டால், வாசிப்பவர் எவருமின்றிப் பியானோவின் கட்டைகள் தாமே தாழ்ந்து எழுந்து ஒரு பாட்டை முழங்கி ஓயும். அதைச் செய்தவர்கள் தொடக்கத்திலிருந்தே ஒரு சிக்கலோடு போராடினார்கள். சுரங்களை இயந்திரத்தின் வாயில் வரவழைப்பது எளிதாகவே முடிந்தது. எந்தச் சுரம் மெல்ல ஒலிக்க வேண்டும், எது உரக்க ஒலிக்க வேண்டும் என்பதை அதற்குக் கற்பிப்பதுதான் கடினமாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் போராட்டத்தைப் பற்றியது. ஆலயத்தில் பாடும் நமக்கும் அதில் பங்குண்டு என்பது போகப் போக விளங்கும்.

பியானோ என்ற பெயரே இந்தச் சிக்கலில் பிறந்தது. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மெல்ல. ‘ஃபோர்த்தே’ என்றால் உரக்க. அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில், கட்டையை அழுத்தினால் சிறு அலகு ஒன்று தந்தியைச் சுண்டிவிடும். விரலை எவ்வளவு மென்மையாக வைத்தாலும், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓசையில் பெரிய வேறுபாடு தோன்றாது. ஃபிளாரன்சில் மெதிச்சி இளவரசரிடம் பணிபுரிந்த பர்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி என்னும் கருவிக் கலைஞர் 1700ஆம் ஆண்டு வாக்கில் அலகுக்குப் பதிலாகச் சிறு சுத்தியலை வைத்தார். சுத்தியல் வேகமாகப் பாய்ந்தால் பேரோசை. மெதுவாகச் சென்று தொட்டால் மெல்லோசை. விரலின் உணர்வு தந்தி வரை போய்ச் சேர ஒரு வழி திறந்தது. அவர் கையால் செய்த பியானோக்களில் மூன்று இன்றும் நியூயார்க், உரோமை, லைப்சிக் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன.

அந்த விரலையே நீக்கிவிட்டுப் பியானோவைப் பாட வைப்பது எப்படி? 1895ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் எட்வின் வோட்டி என்பவர் ‘பியானோலா’ என்ற கருவியை உருவாக்கினார். அது ஒரு மரப் பெட்டி. பியானோவுக்கு முன் அதைத் தள்ளி வைத்தால், மென்மயிர்த் துணி போர்த்திய மரவிரல்கள் பியானோவின் கட்டைகளை அழுத்தும். பின்னர் இந்தப் பொறி முழுவதும் பியானோவின் வயிற்றுக்குள்ளேயே அடங்கியது.

அது இயங்கும் முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பாட்டு ஒரு நீண்ட காகிதச் சுருளில் துளைகளாக வெட்டப்பட்டிருக்கும். வரிசையாகத் துளையிட்ட ஒரு பித்தளைச் சட்டத்தின் மேல் அந்தக் காகிதம் நகர்ந்து செல்லும். காகிதத்தின் துளை சட்டத்தின் துளைக்கு நேராக வரும்போது அதன் வழியே வெளிக்காற்று உள்ளே நுழைந்து, ஒரு மெல்லிய தோல் பையை உந்தும். அது ஓர் அடைப்பைத் திறக்கும். உடனே அந்தச் சுரத்துக்குரிய சிறு துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு, துருத்தி சுருங்கிச் சுத்தியலைத் தந்தியின் மேல் எறியும். இவை அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடும். காற்றை ஊதி இயக்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் காற்றை உறிஞ்சித்தான் இயக்குகிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலில் சூளை பார்த்தவர்களுக்குக் காற்றின் இழுப்பு என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. விறகோ கரியோ எரித்த பழைய சூளையில், புகைபோக்கியின் வழியை அடைக்கும் தகட்டைச் சற்று வெளியே இழுத்தால் தீ சீறி எழும். சற்று உள்ளே தள்ளினால் அடங்கிப் பதமாக எரியும். எரிபொருள் அதேதான், இழுப்பு மட்டுமே மாறுகிறது. தானியங்கிப் பியானோவிலும் அப்படியே. உறிஞ்சும் விசை மிகுந்தால் சிறு துருத்தி விரைந்து சுருங்கிச் சுத்தியலை வேகமாக எறியும். விசை குறைந்தால் சுத்தியல் தயங்கிச் சென்று தொடும். அந்த விசையை நீரேற்றக் குழாயில் இத்தனை அங்குலம் என்று அளப்பார்கள். மிக மெல்லிய ஓசைக்கு ஐந்தாறு அங்குலம் போதும். பேரோசைக்கு முப்பது அங்குலத்துக்கும் மேல் வேண்டும்.

வீட்டில் இருந்த பியானோலாவில் இந்த விசையைக் கொடுத்தவை மனிதரின் கால்கள். இரண்டு மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்க வேண்டும். அழுத்தி மிதித்தால் பாட்டு உரக்கும். மெல்ல மிதித்தால் தணியும். கைக்கெட்டும் இடத்தில் சிறு நெம்புகோல்களும் இருந்தன. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒன்று. கீழ்ச்சுரங்களைத் தணிக்கவும் மேற்சுரங்களைத் தணிக்கவும் வேறு சில. இசை தெரியாதவராயினும், பாட்டின் மேல் அன்புள்ளவராக இருந்தால், தம் கால்களாலும் நெம்புகோல்களாலும் அதற்கு உயிர் கொடுக்க முடிந்தது. விரலைப் பறித்தாலும் பாதத்தையாவது இயந்திரம் விட்டுவைத்தது என்று சொல்லலாம்.

மதுக்கடையில் அந்தப் பாதமும் போய்விட்டது. காசு போட்டவன் தன் மேசைக்குத் திரும்பிவிடுவான், யார் மிதிப்பார்கள்? மின்மோட்டார் மிதித்தது. அதற்கு அன்பும் இல்லை, அலுப்பும் இல்லை. எப்போதும் ஒரே வேகம். மெல்லோசை, பேரோசை என்னும் வேறுபாட்டை இனிப் பொறியே செய்தாக வேண்டும் என்ற நிலை இங்கேதான் பிறந்தது.

1899ஆம் ஆண்டில் வுர்லிட்சர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘டோனோஃபோன்’ அக்காலக் காசுப் பியானோக்களில் பெயர் பெற்றது. யூஜீன் தெ கிளைஸ்ட் என்பவரின் நார்த் டோனவாண்டா பட்டறையில் அது உருவாயிற்று. அதில் காகிதம் இல்லை. முட்கள் பதித்த மர உருளையில் பத்துப் பாட்டுகள் இருந்தன. விரைவில் காகிதச் சுருள் வந்து உருளையை வெளியேற்றியது. சிகாகோவில் சுவீடனிலிருந்து குடியேறிய ஜே. பி. சீபர்க் தொடங்கிய நிறுவனம் இத்துறையில் முன்னணிக்கு வந்தது. காசு விழுந்ததும் மின்சுற்று இணைந்து மோட்டார் சுழலும். பாட்டு முடியும் இடத்தில் காகிதத்தில் உள்ள ஒரு தனித்துளை மோட்டாரை நிறுத்திவிடும். ‘ஏ’ வகை என்று பெயர் பெற்ற சுருள்கள் ஒவ்வொன்றிலும் பத்துப் பாட்டுகள் இருந்தன. காசு போட்டவருக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. வரிசையில் அடுத்து எது வருகிறதோ அதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் காகிதத்தின் துளைகளில் சில சுரங்களுக்கு உரியவை அல்ல, கட்டளைகளுக்கு உரியவை. அவற்றுள் ஒன்று ‘மெல்ல’ என்னும் கட்டளை. அந்தத் துளை திறந்ததும் ஒரு துருத்தி, சுத்தியல்கள் சாய்ந்திருக்கும் நீண்ட சட்டம் முழுவதையும் தந்திகளை நோக்கித் தள்ளும். சுத்தியல் பாயும் தூரம் குறையும். அதனால் வேகமும் ஓசையும் குறையும். இன்னொரு துளை தந்திகளின் அடக்கிகளை உயர்த்தி ஓசையை நீளவிடும். மற்றொன்று ‘மாண்டலின்’ எனப்பட்டது: நுனியில் உலோகம் பொருத்திய நாடாக்கள் தந்திகளுக்கும் சுத்தியல்களுக்கும் இடையே இறங்கி, பியானோவின் இனிமையைக் கணீரென்ற தகர ஓசையாக மாற்றும். குடியும் கூச்சலும் நிறைந்த அறையில் அது நன்றாகவே எடுபட்டது. அதை நான் இனிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தகர ஓசையே இன்று பலருக்குப் பழைய அமெரிக்காவின் குரலாகிவிட்டது.

இவ்வாறு பாட்டின் உள்ளே ஓர் ஏற்பாடு. பெட்டியின் உள்ளே கடைக்காரருக்கென மற்றோர் ஏற்பாடும் இருந்தது. உறிஞ்சும் விசையை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் தடுக்கும் சீராக்கி அது. வில்லுக்கம்பி பொருத்திய துருத்தி ஒன்று. விசை மிகும்போது அது சுருங்கிக் காற்று வழியை அடைக்கும், விசை குறையும்போது விரிந்து வழிவிடும். கம்பியின் இறுக்கத்தை மாற்றினால் கருவியின் மொத்தக் குரலும் உயரும் அல்லது தாழும். காலையில் வெறுமையாக இருக்கும் கடைக்கு ஓர் அளவு, சனிக்கிழமை இரவுக்கு மற்றோர் அளவு.

இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் காசுப் பியானோவின் உள்நோய். கடைக்காரர் விசையைக் கூட்டி வைத்தால், காகிதம் ‘மெல்ல’ என்று சொன்ன இடமும் உரக்கவே ஒலித்தது. அவர் விசையை மிகவும் குறைத்தால், மெல்ல ஒலிக்க வேண்டிய சுரங்கள் ஒலிக்காமலே போயின. சுத்தியல் பாதி வழியில் சோர்ந்து திரும்பிவிடும். குறிப்பாகக் கீழ்ச்சுரங்களின் கனத்த சுத்தியல்கள் முதலில் ஊமையாகும். பாட்டின் நடுவே பல் விழுந்தாற்போல் இடைவெளிகள் தோன்றும். ஆகவே பல கடைக்காரர்கள் வம்பு வேண்டாமென்று விசையைக் கூட்டியே வைத்தார்கள். பாட்டுகளைக் காகிதத்தில் வரைந்தவர்களும் இதை அறிந்திருந்தார்கள். இச்சுருள்களுள் பல பியானோ வாசிப்பவரின் கையிலிருந்து பதிவானவை அல்ல. வரைபலகையில் அளவுகோல் கொண்டு துளைகளைக் குறித்து உருவாக்கியவை. இரண்டு கைகளால் எட்ட முடியாத அளவுக்குச் சுரங்களை அடுக்கிப் பாட்டைத் தடிமனாக்கினார்கள். மென்மையை நம்ப முடியாத இடத்தில் நிறைவை நம்பினார்கள்.

ஆனால் அதே ஆண்டுகளில் மென்மையைக் கைவிடாத சிலரும் இருந்தார்கள். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் எட்வின் வெல்ட்டேயும் கார்ல் போக்கிஷும் 1904ஆம் ஆண்டில் ‘வெல்ட்டே மிஞோன்’ என்னும் கருவியை வெளியிட்டார்கள். ஒரு மேதை வாசித்த சுரங்களோடு அவர் கொடுத்த அழுத்தத்தையும் காகிதத்தில் பதிக்க முயன்ற கருவி அது. மாலர், சேன் சான் போன்ற பேரிசைஞர்கள் 1905ஆம் ஆண்டிலேயே அதற்கு வாசித்துக் கொடுத்தார்கள். கீழ்ச்சுரங்களுக்கு ஒன்றும் மேற்சுரங்களுக்கு ஒன்றுமாக விசைக் கட்டுப்பாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மெல்ல மெல்ல உயரும் வளர்ச்சிக்கு ஒரு துளை, சட்டென்று பாயும் அழுத்தத்துக்கு மற்றொரு துளை, நடுநிலையில் நின்றுகொள்ள ஒரு கொக்கி என்று அதன் அமைப்பு விரிந்தது. 1944 நவம்பர் 27 அன்று நடந்த குண்டுவீச்சில் ஃபிரைபுர்க் எரிந்தபோது வெல்ட்டே தொழிற்கூடமும் அழிந்தது.

அமெரிக்காவில் ஏயோலியன் நிறுவனம் செய்த ‘டுவோ ஆர்ட்’ கருவியின் தீர்வு என்னை மிகவும் கவர்கிறது. அதில் நான்கு சிறு மடிப்புத் துருத்திகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். முதலாவது சுருங்கினால் ஒரு படி, இரண்டாவது இரண்டு படி, மூன்றாவது நான்கு, நான்காவது எட்டு. எதுவும் சுருங்காத நிலை மிக மெல்லிய ஓசை. நான்கும் சேர்ந்து சுருங்கினால் பதினைந்தாம் படி. இவ்வாறு நான்கே துளைகளால் 16 அளவுகள் கிடைத்தன. தராசில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று எடைக்கற்களை வைத்துக்கொண்டு எந்த எடையையும் நிறுக்கும் நம் பழைய வணிகரின் கணக்குதான் இது. கணிப்பொறியின் கணக்கும் இதுவே. முன்னே நிற்கும் பாட்டுக்கு 16, பின்னே ஒலிக்கும் துணையிசைக்கு 16 என்று இரண்டு தொகுதிகள் இருந்தன. பாட்டு வேறு, துணை வேறு. துணை பாட்டை மூடிவிடக் கூடாது என்னும் தெளிவை மரத்திலும் தோலிலும் செய்து வைத்தார்கள்.

குழல்கள் பொருத்திய பெரிய காசுக் கருவிகளுக்கு இந்த வழி உதவவில்லை. குழலில் காற்றழுத்தம் மாறினால் ஓசையின் அளவோடு சுருதியும் மாறிவிடும். அவற்றுக்கு வழிகாட்டியது ஆலயமே. 1712ஆம் ஆண்டில் இலண்டனில் தூய மாக்னஸ் ஆலயத்தின் ஆர்கனில், ஆபிரகாம் ஜோர்டன் குடும்பத்தார் குழல்களின் ஒரு பகுதியைப் பெட்டிக்குள் அடைத்து, அந்தப் பெட்டிக்குத் திறந்து மூடும் முகப்பு ஒன்றை வைத்தார்கள். குழல் ஒரே அளவில் ஒலிக்கும். முகப்பு திறந்தால் ஓசை வெளிவரும், மூடினால் தொலைவிலிருந்து வருவதுபோல் தணியும். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மதுக்கடைப் பெட்டிகளின் பலகணிகளை ஒரு காகிதத் துளை திறந்து மூடியது.

நம் பக்கத்தில் இத்தகைய கருவிகள் வந்தனவா என்று கேட்கலாம். வந்தன, ஆனால் அரண்மனை வரைதான். திப்பு சுல்தானின் மரப்புலி பலருக்குத் தெரியும். ஐரோப்பியன் ஒருவன் மேல் பாய்ந்து நிற்கும் அந்தப் புலியின் வயிற்றில் துருத்தியும் குழல்களும் 18 பொத்தான்களும் உள்ளன. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், மனிதன் ஓலமிடுவான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டு, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் அதே மைசூரில், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்து அரண்மனையில் ‘காலியாஃபோன்’ என்ற இயந்திர இசைக்கருவி இருந்தது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து மஸ்கட்டீன் நகரில் நார்மன் பேக்கர் என்பவர் உருவாக்கியது அது. அவர் பின்னாளில் புற்றுநோய்க்குப் போலி மருந்து விற்றுச் சிறை சென்றார் என்பது வேறு கதை. காலியாஃபோனின் சில வகைகள் காசுப் பியானோவின் ‘ஏ’ வகைச் சுருள்களையே ஏற்றன. ஆனால் காற்றால் அலறும் அந்தக் குழல்களுக்குத் திறந்தவெளியும் ஊர்வலமுமே பொருத்தமானவை. மெல்லோசை என்பதே அவற்றின் அகராதியில் இல்லை. கர்நாடக இசையின் நுட்பங்களை நன்கறிந்த, தாமே பல கருவிகளை வாசித்த அந்த மன்னரின் மாளிகையில் அது வீணைக்கு அருகே இருந்தது என்பது எனக்கு வியப்பளிக்கிறது.

தமிழ் மக்களின் நடுவே வந்து சேர்ந்த காற்றுக் கருவி வேறொன்று: ஆர்மோனியம். காசுப் பியானோ எதிர்கொண்ட அதே கேள்விக்கு அது முற்றிலும் வேறு விடை தந்தது. 1810ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் கிரேனியே என்பவர், உணர்ச்சிக்கு இடம்தரும் ஆர்கன் என்ற பொருளில் பெயரிட்ட ஒரு நாக்குக் கருவியைச் செய்தார். 1842ஆம் ஆண்டில் பாரிசின் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். கால்மிதி ஆர்மோனியத்தின் முகப்பில் ‘எக்ஸ்பிரஷன்’ என்று பொறித்த குமிழ் ஒன்று இருக்கும். சாதாரணமாக மிதித்த காற்று முதலில் ஒரு சேமிப்புத் துருத்திக்குப் போய், அங்கிருந்து சீராக நாக்குகளுக்குச் செல்லும். அந்தக் குமிழை இழுத்தால் சேமிப்பின் வழி அடைபட்டு, பாதத்தின் அழுத்தம் நேரே நாக்குகளைச் சேரும். மிதிப்பதில் ஒரு சிறு தடுமாற்றம் இருந்தாலும் பாட்டில் கேட்டுவிடும். வாசிப்பவருக்குக் கடினம், ஆனால் கருவி பேசத் தொடங்கும்.

கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்தக் கருவியைத் தரையில் அமர்ந்து வாசிக்கும் பெட்டியாக்கித் துருத்தியைப் பின்புறம் வைத்தார். வலக்கை சுரத்துக்கு, இடக்கை காற்றுக்கு. ஓசையின் அளவைக் கவனிக்க ஒரு கையையே ஒதுக்கிவைத்தோம் என்பது சிறிய செய்தியன்று. பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் துருத்தியும் தளரும். அவர் மேலே ஏறும்போது அதுவும் நிமிரும். நாடக மேடையில் கால்மிதி ஆர்மோனியம் நிலைத்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் நடந்தபோது, ஆர்மோனியக்காரரின் பாதமே நடிகரின் குரலைக் கடைசி வரிசை வரை தூக்கிச் சென்றது. வசனம் தொடங்கும்போது அதே பாதம் அடங்கியது. ஸ்பெஷல் நாடக மேடைகளில் அந்த மரபு இன்னும் தொடர்கிறது.

ஆர்மோனியத்துக்கு எதிரிகளும் இருந்தார்கள். பாரதியார் அதைக் கடுமையாகச் சாடினார். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. 1971ஆம் ஆண்டில்தான் விலக்கு ஓரளவு தளர்ந்தது. கமகத்தைக் காட்ட முடியாத, சுருதி இறுகிய கருவி என்பதே குற்றச்சாட்டின் சாரம். அது நியாயமான குறைதான். ஆனால் மென்மை, வன்மையைக் காட்ட அதில் இடமிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனித் திருச்சபையின் பக்கம். திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22 அன்று, புனித செசிலியாவின் திருநாளில், திரு இசை பற்றிய தம் ஏட்டை வெளியிட்டார். ஆலயத்தில் பியானோவையும், முரசு முதலிய ஆரவாரக் கருவிகளையும் அவர் விலக்கினார். ஆர்கனையும் பிற கருவிகளையும் குறித்து அவர் கூறியது பலருக்கு நினைவில்லை: அவை பாடலைத் தாங்க வேண்டுமே தவிர அதை அமுக்கிவிடக் கூடாது. ஓசை அளவைப் பற்றிய அறிவுரை அது. 1958 செப்டம்பர் 3 அன்று, பன்னிரண்டாம் பயஸ் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. தானியங்கி ஆர்கன், இசைத்தட்டு, வானொலி, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவற்றை அது திருவழிபாட்டிலிருந்து முற்றிலும் விலக்கியது. கருவியை ஒருவர் தாமே வாசிக்க வேண்டும் என்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கருவிகளைப் பற்றிய கட்டுகள் தளர்ந்தன. நம் மத்தளமும் தபேலாவும் ஆலயத்துக்குள் வந்தது அதனால்தான். ஆனால் 1967 மார்ச் 5 தேதியிட்ட திரு இசை அறிவுரையும் பழைய கவலையைக் கைவிடவில்லை. கருவியின் ஓசை குரல்களை மூடி, சொற்கள் விளங்காமல் போகும்படி விடக் கூடாது என்று அதுவும் சொல்கிறது.

காசுப் பியானோவின் காலம் விரைவில் முடிந்தது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பியானோக்களில் பாதிக்கும் மேல் தானியங்கிகளாக இருந்தன. சில ஆண்டுகளிலேயே வானொலியும், மின்பெருக்கி பொருத்திய இசைத்தட்டுப் பெட்டியும் அவற்றை விரட்டின. சீபர்க் நிறுவனமே 1928ஆம் ஆண்டில் இசைத்தட்டுப் பெட்டிகளுக்கு மாறியது. துருத்தி, தோல் பை, மடிப்புப் படிகள், பலகணி ஆகிய எல்லாவற்றின் இடத்திலும் ஒரே ஒரு குமிழ் வந்து அமர்ந்தது. அதைத் திருப்பினால் மெல்லோசையும் பேரோசையும் சேர்ந்தே உயரும், சேர்ந்தே தாழும். பாட்டுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் ஒன்று; அறைக்கு வேண்டிய அளவு மற்றொன்று. இந்த இரண்டையும் வேறுபடுத்த அந்தப் பழைய தச்சர்கள் முப்பது ஆண்டுகள் பாடுபட்டார்கள். குமிழுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நம் ஆலயங்களில் இன்று அந்தக் குமிழ் யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் பாடகர் குழுவின் கையில் இல்லை. திருவிழாவில் அது ஒலிபெருக்கிக்காரரின் கையில். ஞாயிற்றுக்கிழமையில் விசைப்பலகை வாசிக்கும் இளைஞரின் கையில். இளைஞரைக் குறைசொல்ல மாட்டேன். முன்கூட்டியே பதிந்த தாளத்தை ஒரு பொத்தானில் தட்டிவிட்டால் அது தன் வேகத்தில், தன் அளவில் ஓடுகிறது. மூதாட்டி ஒருவர் பின்வரிசையில் தம் இராகத்தில் மெல்லப் பாடுவது அதற்குக் கேட்பதில்லை. துணையிசைக்குத் தனியே 16 படிகள் வைத்த அந்தத் துருத்திகளை இத்தகைய நேரங்களில் நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஒரேபு மலையில் எலியா இறைவனை எந்த ஓசையில் கண்டுகொண்டார் என்பதை மறையுரையில் விளக்கிவிட்டு, அடுத்த நொடியே காணிக்கைப் பாடலுக்கு மின்தாளம் அதிரும்போது, பீடத்தில் நிற்பவருக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பழுதான பழைய காசுப் பியானோக்களை இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொறுமையாகப் புதுப்பிக்கிறார்கள். ரப்பர் குழாய்கள் இறுகிப்போயிருக்கும். தோல் பைகள் பொடியாகியிருக்கும். அவற்றை மாற்றிய பின், உணர்ச்சிக் கட்டுப்பாடுள்ள கருவியில் அவர்கள் முதலில் சோதிப்பது பேரோசையை அல்ல. விசையை அடிமட்டத்துக்குக் குறைத்து, ஒவ்வொரு சுத்தியலும் தந்தியைத் தொட்டும் தொடாமலும் ஒலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மெல்லோசை சரியாக வந்துவிட்டால் மற்றவற்றைச் சரிசெய்வது எளிது.

நம் பழைய பங்குகள் சிலவற்றின் பாடகர் மாடத்தில் கால்மிதி ஆர்மோனியம் தூசி படிந்து கிடக்கிறது. உங்கள் ஆலயத்தில் அப்படி ஒன்று இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். முகப்பைத் துடைத்து, ‘எக்ஸ்பிரஷன்’ குமிழ் இருக்கிறதா பாருங்கள். குமிழை உள்ளே தள்ளி வைத்து, ஒரு கட்டையை அழுத்தியபடி நாலைந்து முறை மிதித்துப் பாதத்தை எடுத்துவிடுங்கள். ஓசை சிறிது நேரம் நீடித்து மெல்ல மறைந்தால் சேமிப்புத் துருத்தி நலமாக இருக்கிறது. உடனே நின்றுவிட்டால் தோல் எங்கோ கிழிந்திருக்கிறது. ஆட்டுத்தோலும் வச்சிரப் பசையும் கொண்டு அதை ஒட்டத் தெரிந்தவர்கள் நாடகக்காரர்களிடையே இன்னும் இருக்கிறார்கள்.